குறைந்தது இரண்டு சக மாணவர்கள்

ஏழாவது வாரமும் பூஜ்யம் வந்தபோது என் மனைவி மடிக்கணினியை மூடவில்லை. நாற்காலியோடு திரும்பி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இருபத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்கு மட்டுமே கிடைத்துவந்த மரியாதை அது. ஒரு இயந்திரத்துக்கும் கிடைத்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் நிறையப் பயமாகவும் இருந்தது.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவறையில் ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர். நோயாளிகளின் கோப்புகளை எடுத்துக் கொடுப்பது, திரும்ப வந்ததை அதனதன் இடத்தில் வைப்பது. நிரந்தரமாக்க வேண்டுமென்றால் பட்டம் வேண்டும், வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. இவளுக்கு நாற்பத்து நாலரை. அஞ்சல் வழிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து எல்லாத் தாளையும் முடித்துவிட்டாள். மிச்சம் ஒன்றே ஒன்று: 'தொழில்முறைத் தொடர்பியல்'. மனிதர்களோடு எப்படிப் பேசுவது என்று சொல்லித் தரும் பாடம். அந்தப் பாடத்தில்தான் பேச ஆளில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். தேர்வுக்கு ஐம்பது மதிப்பெண், ஒப்படைப்புகளுக்கு முப்பது, இணையக் கலந்துரையாடலுக்கு இருபது. கலந்துரையாடல் பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு. ஒவ்வொரு வாரமும் கேட்கப்படும் கேள்விக்குத் தன் பதிவு ஒன்றை இட வேண்டும். பிறகு 'குறைந்தது இரண்டு சக மாணவர்களின்' பதிவுகளுக்குப் பதில் எழுத வேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுதினால் அந்த வாரம் பூஜ்யம். மொத்தத்தில் பன்னிரண்டு எடுக்காதவர் தேர்வு எழுதவே முடியாது. முதல் நாலு வாரம் முப்பத்தொரு பேர் சந்தைபோலக் கூடிக் கத்தினார்கள். இவளுக்கு எட்டு கிடைத்தது. ஐந்தாவது வாரம் பல்கலைக்கழகம் ஒரு அறிவிப்பு விட்டது: இதே தாளை அடுத்த பருவத்தில் பத்து நாள் நேரடி வகுப்பாக எடுக்கலாம், கலந்துரையாடல் கிடையாது. எதிர்க்கடையில் தள்ளுபடி என்று பலகை வைத்தால் நம் கடையில் என்ன நடக்குமோ அது நடந்தது. அடுத்த பருவம்வரை காத்திருக்க முடியாத இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி எங்கோ தொலைவில் ஒரு ஊரில் இருக்கும் நர்ஸ். பதவி உயர்வுக்காகப் படிக்கிறவள். இவள் அவளுக்குப் பதில் எழுதுவாள், அவள் இவளுக்குப் பதில் எழுதுவாள், இரண்டு பேருக்கும் பூஜ்யம் விழும். மூன்று வாரமாக இதே கூத்து.

விதிமுறைக் கையேடு பதினேழு பக்கம். நான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் எங்கே இறங்கி வருவான் என்றுதான் முதலில் பார்ப்பேன். பதினேழு பக்கத்தையும் கடையில் உட்கார்ந்து படித்தேன். ஒரே ஒரு சலுகை அகப்பட்டது: நெருங்கிய உறவினர் இறந்தால் தாமதமாக எழுதலாம், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். சாகப்போகிறவர் கொஞ்சம் ஒத்துழைத்தால் கிடைத்துவிடும்.

மறுநாள் காலை அவள் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார், போன வாரமும் ஜீரோ வந்திருக்கு."

"ஒரு பதில்தாம்மா போட்டிருக்கீங்க."

"இன்னொருத்தர் இல்ல சார். நானும் அந்த நர்ஸம்மாவும்தான் இருக்கோம்."

"லிஸ்ட்ல முப்பத்தொரு பேர் இருக்காங்களே?"

"லிஸ்ட்ல இருக்காங்க சார். வகுப்புல இல்ல."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. போனை அவள் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று அவள் பிறகு சொன்னாள்.

"வணக்கம் சார், நான் அவங்க வீட்டுக்காரர். ஒருத்தருக்குப் பதில் போட்டிருக்காங்கல்ல, முழுசா வேணாம். பாதி குடுங்க."

"பாதின்னு ஒண்ணு கிடையாதுங்க. ரெண்டு இல்லன்னா ஜீரோ."

"சரி, அந்த நர்ஸம்மாவுக்கே ரெண்டு பதிலா போட்டுட்டா?"

"வேற வேற மாணவர்னு விதியில இருக்கு."

"அப்ப நீங்க ஒரு பதிவு போடுங்க சார். உங்களுக்குப் பதில் சொல்லட்டும்."

"நான் மாணவர் இல்லீங்களே."

"சேந்துடுங்க."

மனுஷன் சிரிக்கவில்லை. பெருமூச்சு விட்டார். "எனக்கு ஆயிரத்து நூறு பேருங்க. நாலு சென்டருக்கு நான் ஒருத்தன். இந்த விதியை நான் எழுதல. மேல எழுதிக் கேட்டிருக்கேன், பதில் வந்தா சொல்றேன். மார்க்கு சிஸ்டம் போடுது. நான் போடுறதில்ல."

'முதலாளி ஒத்துக்க மாட்டார்' என்ற வசனத்தை நான் தொட்டில் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவன். சொல்கிறவன் எவனாக இருந்தாலும் உள்ளே திரைக்குப் பின்னால் ஒரு முதலாளி உட்கார்ந்திருப்பான், இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பினால் தலையைக் காட்டுவான். இந்த மனிதரோடு பேசும்போதுதான் முதல் தடவையாக உறைத்தது: திரைக்குப் பின்னால் நாற்காலிகூட இல்லை. கோபித்துக்கொள்ள ஒரு முகம் வேண்டும். அதையும் இவர்கள் மிச்சம் வைக்கவில்லை.

"நான் பேசிட்டுதானே இருந்தேன்?" என்றாள் போனை வாங்கிக்கொண்டே. "மார்க்குன்னா உங்க கடைப் பையா, ஜிப்பு சரியில்லன்னு குறைச்சுக் கேக்க?"

"கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

"எனக்குக் குறைஞ்சுதான் போச்சு." அவள் பதிவறைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

என் கடை பயணப்பைக் கடை. அப்பா காலத்துக் கடை. அந்தக் கடையில் ஈ ஓட்டும் நாட்களில் அப்பா ஒரு வேலை செய்வார். சித்தப்பாவுக்கு ஆள் அனுப்புவார். சித்தப்பா சலவைச் சட்டையில் வந்து, ஒரு பெட்டியைத் திறந்து மூடி, விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்து, போவதுபோல எழுந்து மறுபடி உட்காருவார். காலிக் கடைக்குள் யாரும் நுழைவதில்லை. ஒருவன் பேரம் பேசிக்கொண்டிருந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் இதற்கு 'ஆள் உட்கார வைப்பது' என்று பெயர். அப்பா விதித்திருந்த ஒரே நிபந்தனை, வருகிற ஆள் வீட்டோடு ஒட்டிய பின்வாசல் வழியாக வரக்கூடாது. தெருவைச் சுற்றி, எல்லோரும் பார்க்க, முன்வாசல் வழியாக வர வேண்டும்.

வகுப்பின் வாட்ஸப் குழுவிலிருந்து எண்களை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஆறு பேர், ஆறு சாக்கு. ஏழாவது ஆள் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். முதல் நாலு வாரம் ஒரு வரிக்கு மேல் எழுதாதவர்; ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என் மனைவி தனியாகச் சிரித்திருக்கிறாள்.

"அண்ணே, நான் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்குறதே இல்ல. அடுத்த தடவை பத்து நாள்ல முடிச்சுக்குறேன்."

"ஒரு ரெண்டு வாரம், வாரத்துக்கு ஒரே ஒரு பதிவு தம்பி. ஒரு பொம்பளை வேலை இதுல தொங்குது."

"நூத்தம்பது வார்த்தை கேக்குறான்ணே அவன். நான் பொண்டாட்டிகிட்டயே நாளைக்கு அம்பதுக்கு மேல பேசுறதில்ல. ஒண்ணு பண்ணுங்க, பாஸ்வேர்டு அனுப்புறேன். நீங்களே எழுதிக்கங்க. என் மானம் போகாம எழுதுங்க, அது போதும்."

எட்டாவது வாரக் கேள்வி: 'கோபத்துடன் வரும் வாடிக்கையாளரை எவ்வாறு கையாள்வீர்கள்?' இதை என்னிடமா கேட்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய மடிக்கணினியிலேயே வேன்காரர் கணக்கைத் திறந்து உட்கார்ந்தேன். வாடிக்கையாளரை எடுத்துவிட்டு, வேன் தாமதமாக வந்ததற்காகச் சாலையில் நின்று கத்தும் ஒரு தாயை வைத்தேன். கத்துகிறவர் நம்மை விட்டுப் போய்விடவில்லை, இன்னும் நம்மிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறார். அதனால் அவர் முடிக்கும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று எழுதினேன். நூற்று அறுபது வார்த்தை. எஞ்சினை அணைக்கும் இடம் எனக்கே பிடித்திருந்தது. அவள் வெளியே வருவதற்குள் கணக்கை மூடிவிட்டு செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டேன்.

கால் மணி நேரத்தில் சத்தம் வந்தது. "என்னங்க! வேன்காரர் வந்துட்டாரு!"

தலையில் துண்டோடு நின்றாள். நாலு வாரமாக அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று இருந்தது. "எவ்வளவு நல்லா எழுதியிருக்காரு தெரியுமா? எஞ்சினை நிறுத்தணுமாம். இந்த மனுஷன் இத்தனை நாள் ஏன் ஒரு வரியோட நிறுத்திக்கிட்டாரு?"

"யாருக்குத் தெரியும்" என்றேன். பெட்டி வாங்க வந்த சித்தப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவள் எழுதிய பதிலைக் கடையில் என் போனில், வேன்காரராக இருந்து படித்தேன். மதிப்பெண்ணுக்கு நாற்பது வார்த்தை போதும். அவள் முந்நூறு எழுதியிருந்தாள்.

'எங்கள் பதிவறைக்கு வருகிறவர்கள் கத்தும்போது எனக்கும் முதலில் கோபம் என்றுதான் தோன்றும். பெரும்பாலும் அது பயம். கோப்பு தொலைந்திருந்தால் உள்ளே இருக்கும் தங்கள் ஆளும் தொலைந்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்வதற்கு முன்னால் நான் அவர்களுக்கு நாற்காலியைக் காட்டுவேன். உட்கார்ந்தவர்கள் கத்துவது குறைவு. எங்கள் வீட்டில் எதையும் பேசி முடித்துவிடுவார்கள். பேசுவது வேறு, பேசி முடித்துவிடுவது வேறு என்று இந்த வகுப்புக்கு வந்த பிறகுதான் எனக்கே சொல்லத் தெரிந்தது. நீங்கள் எஞ்சினை அணைப்பதைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது.'

ஒரு வாடிக்கையாளர் முதுகுப்பையைத் தூக்கிக் காட்டி விலை கேட்டார். சொன்னேன். குறைத்துக் கேட்டார். சரி என்று கொடுத்துவிட்டேன். அவர் சந்தேகத்தோடு பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்காமலே போனார்.

ஒன்பதாவது வாரம் எழுதுவதற்கு எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. மதிப்பெண் பத்தாகியிருந்தது, இன்னும் ஒரு வாரம் போதும். கேள்வி, பணியிடத்தில் மேலதிகாரியோடு பேசுவது பற்றி. வேன்காரராக எதையோ எழுதி, கடைசியில் 'பதிவறையில் இது எப்படி?' என்று ஒரு தூண்டிலும் போட்டேன். அவள் எழுதினாள்: 'பட்டம் வைத்திருந்த மூன்று பேருக்கு நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். எந்த அடுக்கில் ஈரம் இறங்கும், எந்த எண்ணை எழுத்தர்கள் மாற்றி எழுதுவார்கள் என்பதுவரை. மூன்று பேரும் இப்போது என் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களிடம் பேசும்போது நான் அவர்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவேன்.'

ஏழு வருடத்தில் இதில் ஒரு வரி எனக்குத் தெரியாது. அவளும் சொல்லியிருக்க மாட்டாள், சொல்ல ஆரம்பித்திருந்தால் நானும் மூன்றாவது வாக்கியத்தில் யாரையாவது பிடித்துப் பேசி முடித்துத் தருவதாகச் சொல்லியிருப்பேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பதிவறையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், யாருக்காவது ஃபைல் வேணுமா?"

பன்னிரண்டு வந்தது. நர்ஸுக்கும் பன்னிரண்டு. இரண்டு பெண்களும் திரையில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். வேன்காரருக்கு இருவரும் நன்றி சொன்னார்கள். நான் கடையில் உட்கார்ந்து அந்த நன்றியைப் படித்துவிட்டு, வேன்காரர் பெயரில் ஒரு கட்டைவிரலை உயர்த்தி வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் வந்தது கடிதம். 'உங்கள் கணக்கும் சக மாணவர் ஒருவரின் கணக்கும் ஒரே கருவியில், ஒரே இணைப்பில், சில நிமிட இடைவெளியில் பயன்படுத்தப்பட்டுள்ளன. எட்டாம், ஒன்பதாம் வார மதிப்பெண்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் விளக்கம் தரவும். தவறினால் தேர்வெழுத அனுமதி இல்லை.' ஆளில்லாத வகுப்பை மூன்று வாரம் பார்க்கத் தெரியாத இயந்திரம், பின்வாசல் வழியாக வந்த என்னைச் சரியாகப் பார்த்திருக்கிறது. அப்பாவின் ஒரே நிபந்தனையை மீறியிருந்தேன்.

வேன்காரர் கணக்குக்கும் வந்திருந்த அதே கடிதத்தைப் போனில் படித்துவிட்டு நான் கடையிலிருந்து வருவதற்குள் அவள் வேன்காரரைக் கூப்பிட்டிருந்தாள். அவர் பாவம், முதல் கேள்வியிலேயே 'நான் எங்கக்கா எழுதினேன், அண்ணன்தானே' என்று சொல்லிவிட்டாராம். அவள் சாப்பாட்டு மேஜையில் கடிதத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியும்.

"எஞ்சினை நிறுத்துறது, அது நீங்களா?"

"ஆமா."

"நாற்காலி பத்தி எழுதினதுக்கு 'நான் இப்படி யோசிச்சதில்ல'ன்னு போட்டீங்களே, அது?"

"அதுவும்தான்."

"ரெண்டு வாரமா ஒருத்தர் நான் எழுதுறதைக் கவனிச்சுப் படிக்கிறாருன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"கவனிச்சுத்தானே படிச்சேன்?"

"அதைத்தான் சொல்றேன்" என்றாள்.

அது எனக்கு எந்தப் பக்கம் விழுந்த சொல் என்று இன்றுவரை தெரியவில்லை. அவசரமாக அடுத்ததற்குத் தாவினேன். வழியில் ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தேன்: வேன்காரர் எங்களுக்கு உறவு, வண்டியை நிறுத்திவிட்டு இங்கே வந்து எழுதிவிட்டுப் போனார் என்று போட்டுவிடலாம், கேட்டால் அவரும் அதையே சொல்வார்.

"இதையும் பேசி முடிச்சிட்டீங்களா?"

வியாபாரத்தில் எவனும் என்னை இவ்வளவு சுலபமாக அடக்கியதில்லை.

ஞாயிறு பகல் முழுவதும் அவள் விளக்கம் எழுதினாள், அழித்தாள். உண்மையை எழுதினால் வேன்காரர் மாணவராக வந்ததே இல்லை என்றாகும். எட்டு, ஒன்பது இரண்டும் பூஜ்யம். தேர்வு போகும், வேலை போகும், அவள் வயது திரும்பி வராது. பொய்யை எழுதினால் நான் ஜெயித்துவிடுவேன், அதை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலு மணிக்கு மேல் நர்ஸிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, என் மார்க்கையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. என்ன நடந்துச்சு?' இதை நான் யோசித்திருக்கவே இல்லை. அவளும் அதே வேன்காரருக்குத்தான் இரண்டாவது பதிலை எழுதியிருந்தாள். நான் உட்கார வைத்த ஆளை நம்பி உள்ளே வந்த வாடிக்கையாளர்.

"சொல்லிடலாமா?" என்றேன்.

"சொல்லாம?"

அவளே கூப்பிட்டாள். பத்து வாரமாக ஒருத்திக்கொருத்தி எழுதியவர்கள், குரலைக் கேட்டதில்லை. "நான்தான்மா பேசுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். போகிற வழியில் கதவருகில் நின்று திரும்பி, "நீங்க ஒரு எழுத்தைத் தொடக் கூடாது" என்றாள்.

நான் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். விளக்கப் பெட்டியில் ஒன்றரை வரி இருந்தது. 'எட்டாம் வாரமும் ஒன்பதாம் வாரமும் நான் பதில் எழுதியது ஒரு மாணவருக்கு அல்ல. அதை எழுதியவர் என் கணவர். அவர்' என்பதோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: பத்து நிமிடம் செயல்பாடு இல்லையெனில் பக்கம் மூடப்படும், எழுதியது சேமிக்கப்படாது.

சமையலறையில் முதலில் இவள் குரல் மட்டும் கேட்டது, தாழ்ந்து. பிறகு ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல், நான் நினைத்திருந்ததைவிட இளமையானது, உரக்க. இவள் குறுக்கே பேசவில்லை. அது முடிந்ததும் இவள் ஏதோ சொன்னாள். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், நிறுத்தினார்கள், 'நீ சொல்லு', 'நீங்க சொல்லுங்க' என்று கேட்டது. ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியவில்லை. ஒரு நாற்காலியைத் தரையில் இழுத்துப் போடும் ஓசை. இவள் உட்கார்ந்துவிட்டாள்போல.

ஐந்து மணி இருபது. எழுத்தைத்தான் தொடக் கூடாது என்றாள். நான் மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு, சில நிமிடத்துக்கு ஒரு தடவை, பக்கம் மூடிவிடாதபடி, அம்புக்குறியை 'அவர்' என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகவும், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமாகவும் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தேன்.